கண்டது எந்த வல்லூறு?

அரிய வல்லூறு ஒன்றைக் கண்டதாக ஒருவர் சொன்னால் அவர் முன்னே இரண்டு கேள்விகள் நிற்கும். அது எந்த இனம் என்பது முதல் கேள்வி. அது தானாகப் பறந்து வந்ததா, யாருடைய கையிலிருந்தாவது தப்பி வந்ததா என்பது இரண்டாவது. ஒரு கதிர்க்குருவிக்கோ உள்ளானுக்கோ பெரும்பாலும் முதல் கேள்வியோடு விஷயம் முடிந்துவிடும். வல்லூறு அப்படியல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் பிடித்து, பழக்கி, விற்று வாங்கிய பறவை அது. எத்தனை தெளிவாகப் பார்த்திருந்தாலும் இரண்டாவது கேள்வி அதைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் எதைச் சான்றாக ஏற்பது என்பது கடந்த 200 ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை மிகத் தெளிவாகப் பின்தொடர முடிகிற நாடு பிரிட்டன். அங்கே அரிய பறவைகளைக் குறித்து வைக்கும் பழக்கமும், குறித்தவற்றைச் சந்தேகிக்கும் பழக்கமும் சேர்ந்தே வளர்ந்தன.

தமிழில் வல்லூறு, வைரி, ராஜாளி என்ற சொற்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு வேட்டைப் பறவைகளுக்கு வழங்குகின்றன. இங்கே வல்லூறு என்பது ஃபால்கோ என்ற பேரினத்தை மட்டும் குறிக்கும். நீண்டு கூர்ந்த சிறகு, கருத்த கண், மேல் அலகின் ஓரத்தில் பல்லைப் போன்ற ஒரு துருத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றைப் பருந்துக்கு உறவினம் என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். 2008இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, வல்லூறுகளுக்குக் கிளிகளும் குருவி வகைகளும்தான் நெருக்கம் என்று காட்டியது. அருங்காட்சியகத்தில் உடலை மேசைமேல் கிடத்திப் பார்த்தவர்களையே தோற்றம் இத்தனை காலம் ஏமாற்றியிருக்கிறது. அதே பறவை வானத்தில் விரையும்போது கீழே நிற்பவர் என்ன பாடுபட வேண்டும்!

வல்லூறுகளை அடையாளம் காண்பதில் உள்ள சிரமம் வேகத்தால் மட்டும் வருவதல்ல. வெறும் வானத்தில் அளவை ஒப்பிட அருகில் எதுவும் இருக்காது. பெண் பறவை ஆணைவிடப் பெரியது. பெரிய இனங்களில் இந்த வேறுபாடு மூன்றில் ஒரு பங்குவரை போகும். ஆகவே பெரிய இனத்தின் சிறிய ஆணும், அதைவிடச் சிறிய இனத்தின் பெரிய பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியக்கூடும். வளர்ந்த பறவைகளை நிறத்தால் பிரித்துவிடலாம் என்றாலும், முதல் ஆண்டுப் பறவைகள் பல இனங்களில் ஒரே மாதிரி இருக்கின்றன: முதுகு பழுப்பு, மார்பில் கோடுகள், கன்னத்தில் மீசை போன்ற கருந்தீற்று. வழி தவறித் தொலைதூரம் வருபவை பெரும்பாலும் இந்த இளம்பறவைகள்தாம். எது அடையாளம் காணக் கடினமோ அதுதான் அதிகம் வந்து சேர்கிறது.

19ஆம் நூற்றாண்டு இதற்குத் துப்பாக்கியால் விடை கண்டது. பறவை கையில் இருந்தால்தான் பதிவு; இல்லையென்றால் வெறும் பேச்சு. செங்கால் வல்லூறு பிரிட்டிஷ் பட்டியலில் சேர்ந்தது 1830இல் நார்ஃபக் வட்டாரத்தில் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தியதால்தான். 1867 நவம்பரில் யார்க்ஷயரில் வளர்ந்த ஆண் பறவை ஒன்று சுடப்பட்டது. அது அங்கே சாதாரணமாகத் தென்படும் கெஸ்ட்ரல் அல்ல, தெற்கு ஐரோப்பாவின் சிறு கெஸ்ட்ரல் என்பது உடல் கையில் இருந்ததால் தெரியவந்தது. இரண்டையும் பிரிக்கும் அடையாளங்களில் ஒன்று நகத்தின் நிறம்: சாதாரணக் கெஸ்ட்ரலுக்குக் கறுப்பு, சிறு கெஸ்ட்ரலுக்கு வெளுப்பு. பறக்கும் பறவையின் நகத்தை அந்தக் காலத்துக் கருவியைக் கொண்டு பார்ப்பது எளிதான காரியமல்ல.

பாடம் செய்த உடலுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. சுட்டவரை நம்ப வேண்டியதில்லை. நூறு ஆண்டு கழித்து வருபவரும் அதை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த உடல் எந்த ஊரில் கிடைத்தது என்பதை உடல் சொல்லாது, அதனோடு கட்டிய சீட்டுதான் சொல்லும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பாறை முகடுகளில் கூடு வைக்கும் ஷாஹீன் வல்லூற்றின் பெயரே இப்படி ஒரு சீட்டை நம்பி நிற்கிறது. சுவீடன் அறிஞர் சுண்டேவால் 1837இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அவரிடம் இருந்தது, இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் இடையே கடலில் ஒரு கப்பலில் பிடிபட்ட இளம்பறவை. இன்றைக்குச் சிகிரியா குன்றிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காணும் பறவைக்கான மூல மாதிரி நிலத்தில் கிடைத்ததே அல்ல. கப்பலில் வந்து இறங்கும் பறவையைத் தானாக வந்ததாகக் கொள்வதா என்ற கேள்வி பிற்காலத்தில் பட்டியல் தொகுப்பவர்களை மிகவும் அலைக்கழித்தது.

சீட்டு பொய் சொல்லக்கூடும் என்பதைப் பிரிட்டன் மிகவும் கசப்பாகக் கற்றுக்கொண்டது. 1892 முதல் 1930 வரை, இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஹேஸ்டிங்ஸ் நகரைச் சுற்றி நம்ப முடியாத எண்ணிக்கையில் அரிய பறவைகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பல ஜார்ஜ் பிரிஸ்டோ என்ற பாடம் செய்பவரின் கடை வழியாக வெளிவந்தவை. 1916இலேயே ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ இதழின் ஆசிரியர் விதர்பிக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் முழு வழக்கும் அதே இதழில் 1962 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. மேக்ஸ் நிக்கல்சனும் ஜேம்ஸ் ஃபெர்குசன்-லீசும் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்கள். புள்ளியியல் அறிஞர் ஜான் நெல்டர் ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்தின் எண்ணிக்கையை அக்கம்பக்கத்து வட்டாரங்களோடும் பிற்காலத்தோடும் ஒப்பிட்டார். இயற்கையாக இப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை என்பது கணக்கில் வெளிப்பட்டது. ஏறக்குறைய 600 பதிவுகள் நீக்கப்பட்டன. இனங்களும் உள்ளினங்களுமாக 29 பெயர்கள் நாட்டின் பட்டியலிலிருந்தே போயின. வெளிநாட்டில் கொன்ற பறவைகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலில் வரவழைத்திருக்கலாம் என்று கருதப்பட்டது. பிரிஸ்டோவுக்காக வாதாடி ஜேம்ஸ் ஹாரிசன் 1968இல் ஒரு புத்தகமே எழுதினார். நீக்கப்பட்ட இனங்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் வேறு இடங்களில் உண்மையாகவே காணப்பட்டு மீண்டும் பட்டியலுக்கு வந்தன. அந்தப் பறவைகள் பிரிட்டனுக்கு வரவே முடியாதவை என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில், அந்த நாளில், அந்தக் கடைக்கு வந்தன என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

இதற்குள் துப்பாக்கியின் இடத்தைக் கண்ணாடி பிடித்துவிட்டது. செய்ஸ் நிறுவனம் 1894இல் பட்டக இருநோக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் லட்லோ கிரிஸ்கம், உயிரோடு பறக்கும் பறவையையும் ஐயமற அடையாளம் காண முடியும் என்று இளைய தலைமுறைக்குச் செய்து காட்டினார். அந்தத் தலைமுறையின் ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் வெளியிட்ட களக் கையேடு, ஒவ்வொரு பறவையிலும் எதைப் பார்க்க வேண்டும் என்று கோடிட்டுக் காட்டியது. ஐரோப்பாவுக்கான கையேடு 1954இல் வந்தது. அதன்பின் வார இறுதியில் கடற்கரைக்குப் போகும் ஆசிரியரும் அஞ்சல் ஊழியரும் அரிய பறவை கண்டு எழுதத் தொடங்கினார்கள். பறவைகள் பிழைத்தன. ஆனால் இப்போது சான்றாக எஞ்சியது ஒரு மனிதரின் நினைவும் அவருடைய குறிப்பேடும் மட்டுமே.

அந்தக் குறிப்பேடுகளை எடைபோட 1959இல் பிரிட்டிஷ் அரிய பறவைகள் குழு அமைந்தது. வாக்களிக்கும் உறுப்பினர் பத்துப் பேர். பறவையைப் பார்த்தவர் இடம், நேரம், வெளிச்சம், தூரம், பார்த்த கோணம், ஒவ்வொரு பகுதியின் நிறம், பறந்த விதம், முன் அனுபவம் எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும். அந்தத் தாள்கள் உறுப்பினரிடம் சுற்றுக்குப் போகும். அவர்கள் பறவையைப் பார்த்ததில்லை, எழுதப்பட்டதைத்தான் பார்க்கிறார்கள். ஏற்கப்படாத பதிவு தவறானது என்று குழு சொல்வதில்லை, நிறுவப்படவில்லை என்றுதான் சொல்கிறது. இந்த வேறுபாட்டை எல்லோரும் மனமார ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. தன் கண்ணால் கண்டதை, அந்த நாளில் அங்கே இல்லாத பத்துப் பேர் மறுத்தால் யாருக்கும் வலிக்கும். ஆனாலும் வேறு வழி எதுவும் இதைவிட நேர்மையாக இருந்திருக்காது. எழுத்தில் வைக்கப்பட்ட சான்றை எழுத்தை வைத்தே தீர்ப்பதால் பெரிய பெயருக்கும் புதிய பெயருக்கும் ஒரே அளவுகோல் கிடைத்தது.

வல்லூறுகளில் இந்த முறை எங்கே தடுமாறும் என்பதற்கு 2008இல் கிழக்கு யார்க்ஷயரில் நடந்தது நல்ல உதாரணம். டாப்ஹில் லோ என்பது நீர்த்தேக்கங்களை ஒட்டிய ஒரு பறவைக் காப்பிடம். அங்கே செப்டம்பர் 14 அன்று சிறிய வல்லூறு ஒன்று தென்பட்டது. செங்கால் வல்லூறு என்று முடிவாயிற்று. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அவ்வப்போது வரும் பறவை அது. 1992 கோடையில் நூற்றுக்கு மேல் வந்ததுண்டு. ஒரு மாத காலம் ஏராளமானோர் போய் அதைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பறவை கிளம்பும் தறுவாயில்தான் படங்களை உற்று நோக்கியவர்களுக்கு அதன் சிறகின் அடிப்புறத்தில் புதிதாக முளைத்த சில வெள்ளை இறகுகள் கண்ணில் பட்டன. செங்கால் வல்லூற்றின் வளர்ந்த ஆணுக்குச் சிறகின் அடிப்புறம் கருஞ்சாம்பல். அங்கே வெள்ளை முளைப்பது ஒரே ஓர் உறவினத்தில்தான்: அமூர் வல்லூறு. அக்டோபர் 15க்குப் பிறகு பறவை அங்கே இல்லை. பிரிட்டனின் முதல் அமூர் வல்லூறாக அது பிறகு ஏற்கப்பட்டது.

இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. அது ஓராண்டு வயதுப் பறவை. பழைய இளமை இறகுகள் உதிர்ந்து வளர்ந்த ஆணின் இறகுகள் ஒவ்வொன்றாக முளைத்துவரும் பருவம். செப்டம்பர் நடுவில் அந்த வெள்ளை இறகுகள் எத்தனை இருந்திருக்கும் என்பதே கேள்வி. அடையாளம் பறவையின் உடலில் வளர்ந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம். ஒரே ஒரு மாலை மட்டும் தங்கிப் போயிருந்தால் அது செங்கால் வல்லூறாகவே பதிவேட்டில் நிலைத்திருக்கும். ஒரு கிளையில் அமர்ந்திருக்கும் பறவையைத் தொலைநோக்கியில் பார்த்தவருக்கும் இந்த இறகுகள் தெரிந்திருக்காது. சிறகு விரிந்த கணத்தை நிறுத்திக் காட்டும் படம் தேவைப்பட்டது. கண்ணாடிக் காலத்தில் நிறுவ முடியாத ஒன்றைக் கேமரா நிறுவிய இடம் இது.

அமூர் வல்லூறு எத்தனை தொலைவு வழி தவறியிருந்தது என்பது இந்திய வாசகருக்கு எளிதில் புரியும். மங்கோலியாவுக்குக் கிழக்கே தென்கிழக்கு சைபீரியாவிலும் வட சீனாவிலும் இனம்பெருக்கும் இந்தப் பறவை, இலையுதிர் காலத்தில் வடகிழக்கு இந்தியாவில் இறங்கி இளைப்பாறி, தீபகற்பத்தைக் கடந்து, அரபிக்கடலைத் தாண்டித் தென் ஆப்பிரிக்கா வரை போகிறது. நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டி அவை பெருங்கூட்டமாக அடையும். 2012இல் அங்கே அவை பெருமளவில் வலை வைத்துக் கொல்லப்பட்ட செய்தி வெளியாயிற்று. அடுத்த ஆண்டே ஊர் மக்கள் காவலர்களானார்கள். 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பங்டி என்று பெயரிட்டார்கள். அவை கடலைக் கடந்த பாதை வரைபடத்தில் நேரடியாகத் தெரிந்தது. அந்தப் பாதையிலிருந்து விலகி ஒன்று வடகடலோரம் வந்து சேர்வது எவ்வளவு பெரிய பிறழ்வு என்று இப்போது கணக்கிட முடிகிறது.

இன்னொரு உண்மையும் இங்கே சேர வேண்டும். ராடே என்ற அறிஞர் 1863இல் அமூர் பறவைக்குப் பெயரிட்டபோது அதைச் செங்கால் வல்லூற்றின் ஒரு வகையாகத்தான் வைத்தார். நெடுங்காலம் அது ‘கிழக்குச் செங்கால் வல்லூறு’ என்றே வழங்கியது. இரண்டும் ஒரே இனத்தின் கிளைகள் என்று கருதப்பட்டவரை, சிறகடியின் வெள்ளையை நிதானமாகத் தேடிப் பார்க்க யாருக்கும் பெரிய அவசரம் இருந்திருக்காது. எதைத் தேட வேண்டும் என்று பட்டியல் சொல்கிறதோ அதைத்தான் கண் தேடுகிறது. வட ஆப்பிரிக்காவின் பார்பரி வல்லூறு இதற்கு எதிர்த்திசையில் போனது. ஒரு காலத்தில் தனி இனமாக எண்ணப்பட்ட அது இன்று பெரும்பாலான பட்டியல்களில் பெரெகிரின் வல்லூற்றின் உள்ளினமாக அடங்கிவிட்டது. தனி இனமாகக் கண்டு மகிழ்ந்தவர்களின் குறிப்புகள் மாறவில்லை, அவற்றின் மதிப்பு மாறிவிட்டது.

இனம் எது என்பதில் இவ்வளவு சிக்கல். இரண்டாவது கேள்வி, அதாவது எங்கிருந்து வந்தது என்பது, பெரிய வல்லூறுகளிடம்தான் முழு பலத்தோடு எழுகிறது.

ஜெர் வல்லூறு வடதுருவ வட்டாரத்தின் பறவை, வல்லூறுகளில் எல்லாம் பெரியது. கிரீன்லாந்தில் வெள்ளையாகவும் ஐஸ்லாந்தில் சாம்பலாகவும் மற்ற இடங்களில் கருமை வரையிலும் நிறம் மாறும். இடைக்கால அரசர்கள் இதற்காகக் கப்பல் அனுப்பினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வல்லூறு வேட்டை பற்றிப் பெருநூல் எழுதிய பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக், வேட்டை வல்லூறுகளில் இதற்கே முதலிடம் தந்தார். 1396இல் நிக்கோபொலிஸ் போரில் சிறைப்பட்ட பர்கண்டி இளவரசனை விடுவிக்க சுல்தான் பாயசித் பன்னிரண்டு வெள்ளை வல்லூறுகளைக் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஐஸ்லாந்து வல்லூறுகளின் வணிகத்தை டென்மார்க் அரசு தனியுரிமையாக வைத்துக்கொண்டு, பிற அரசவைகளுக்குப் பரிசாக அனுப்பியது. ஆக, அந்த நூற்றாண்டுகளிலேயே ஜெர் வல்லூறு தன் நாட்டைவிட்டு வெகுதூரத்தில் பறந்துகொண்டிருந்தது, மனிதக் கையின் உதவியால். பழைய பதிவு எதிலாவது ஐரோப்பாவின் உட்பகுதியில் ஜெர் வல்லூறு கண்டதாக வந்தால் இதை மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது.

வல்லூறு வேட்டை 18ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பாவில் நலிந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது மீண்டும் தழைத்தபோது புதிய சிக்கல் ஒன்றும் கூடவே வந்தது. 1971இல் அயர்லாந்தின் மேற்கில் ரொனால்ட் ஸ்டீவன்ஸ், ஜான் மோரிஸ் என்ற இரு வல்லூறு வளர்ப்பாளர்கள், இறகு உதிர்க்கும் காலத்தில் ஓர் ஆண் சேக்கர் வல்லூற்றையும் ஒரு பெண் பெரெகிரின் வல்லூற்றையும் ஒரே கூடத்தில் விட்டிருந்தார்கள். அவை இணைந்து குஞ்சு பொரித்தன. அதன்பின் செயற்கைக் கருவூட்டலின் துணையோடு ஜெர்-சேக்கர், ஜெர்-பெரெகிரின், சேக்கர்-பெரெகிரின் எனக் கலப்புப் பறவைகள் வளர்ப்பிடங்களில் பெருகின. அவற்றில் சில தப்பி வெளியே போகின்றன. பாதி ஜெர், பாதி சேக்கர் ரத்தம் கொண்ட ஒரு பறவை எந்தக் கையேட்டின் படத்தோடும் சரியாகப் பொருந்தாது. இன்னும் மோசமாக, சில நேரம் ஏதாவது ஒரு படத்தோடு மிக நன்றாகவே பொருந்திவிடும்.

காலில் வளையமோ வளர்ப்பாளர் கட்டும் தோல்வாரோ தெரிந்தால் வழக்கு முடிந்தது. தெரியாவிட்டால் மட்டும் அது காட்டுப் பறவை ஆகிவிடாது. வாரை அலகால் அறுத்துக்கொள்ளும் பறவை உண்டு. வளையம் இறகுக்குள் மறைந்திருப்பதும் உண்டு. தேய்ந்த வால் நுனி, ஒடிந்த சிறகிறகு, மனிதரை அஞ்சாத போக்கு ஆகியவை கூண்டைக் காட்டும் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் நெடும் பயணத்தாலும் இறகு தேயும்; மனிதரையே காணாத வடதுருவத்தில் வளர்ந்த பறவையும் மனிதரை அஞ்சாது.

சேக்கர் வல்லூற்றின் நிலைமைதான் இதில் மிகவும் பரிதாபமானது. ஹங்கேரியிலிருந்து மங்கோலியா வரை பரந்த புல்வெளிகளில் வாழும் பறவை இது. ஹங்கேரியில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய இளஞ்சேக்கர்கள் மேற்கு ஐரோப்பாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் அலைந்து திரிந்தது தெரிய வந்திருக்கிறது. ஒன்று பிரிட்டன் வரை வருவது நடக்கக்கூடியதே. ஆனால் வளர்ப்பாளர்கள் மிகவும் விரும்புவதும் இதைத்தான். பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கம் தன் பட்டியலில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுப் பறவையாக வந்தவற்றை முதல் பிரிவிலும், வந்த வழி சந்தேகத்துக்குரியவற்றைத் தனிப் பிரிவிலும், தப்பியவற்றை வேறொரு பிரிவிலும் வைக்கிறது. சேக்கர் அந்த முதல் பிரிவுக்குள் நுழையவில்லை. ஏதோ ஒரு மார்ச் மாதம் உண்மையாகவே ஹங்கேரியிலிருந்து பறந்து வந்த சேக்கர், தப்பி வந்ததிலிருந்து எந்த விதத்திலும் வேறுபட்டுத் தெரியாது. கூட்டிலேயே வளையமோ கருவியோ பொருத்தப்பட்ட பறவையாக இருந்தால்தான் அதற்கு வழி பிறக்கும்.

மத்திய ஆசியாவில் இதே குழப்பம் மனிதர் துணையின்றியே நிகழ்கிறது. அல்தாய் மலைகளில் கருநிற வல்லூறு ஒன்று அரிதாகத் தென்படும். மென்ஸ்பியர் அதை 1891இல் விவரித்தார். அல்தாய் வல்லூறு தனி இனமா, சேக்கரின் கருத்த வடிவமா, சேக்கரும் ஜெர் வல்லூறும் எப்போதோ கலந்ததன் மிச்சமா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. இன்று பலரும் அதைச் சேக்கருக்குள்ளேயே வைக்கிறார்கள். சேக்கர், ஜெர், லானர், லக்கர் ஆகிய நான்கு வல்லூறுகளும் மரபணுவில் மிக நெருங்கியவை. ஆகவே ஒற்றை இறகைக் கொண்டு ஆய்வகம் தரும் விடையும் சில நேரங்களில் கையெழுத்திட்டுத் தரும் அளவுக்கு உறுதியாக அமைவதில்லை.

சந்தேகம் எப்போதும் பறவைக்கு எதிராகவே தீர்ந்தது என்றும் இல்லை. 1976 மே மாதக் கடைசியில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் தீவில் அமெரிக்கக் கெஸ்ட்ரல் ஒன்று காணப்பட்டது. அடுத்த மாதமே, நாட்டின் மறுகோடியில், கார்ன்வாலின் பாட்மின் மூரில் இன்னொன்று. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்திருக்க வேண்டிய இந்தச் சிறு வல்லூறும் கூண்டில் வளர்க்கப்படுவதுதான். ஆனாலும் இரண்டும் காட்டுப் பறவைகளாக ஏற்கப்பட்டன. ஒரே பருவத்தில், தொலைதூரத் தீவு உட்பட இரண்டு இடங்களில் அவை வந்திருந்ததைப் பார்க்கும்போது அந்த முடிவு நியாயமாகவே தோன்றுகிறது.

அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. அப்லமாடோ வல்லூறு மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் வாழ்வது. அதன் பெயருக்கு ஸ்பானிய மொழியில் ஈய நிறத்தது என்று பொருள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்குப் புல்வெளிகளில் அது அற்றுப்போனது. நியூ மெக்சிகோவில் டெமிங் அருகே 1952இல் கண்ட கூடுதான் பழைய வரிசையில் கடைசி. 1986இல் அது அழிநிலை இனமாக அறிவிக்கப்பட்டது. டெக்சஸில் வளர்ப்புப் பறவைகளை விடுவிக்கும் திட்டம் நடந்தது. இதற்கிடையே 1990களில், எல்லைக்குத் தெற்கே சீவாவா பாலைவனப் புல்வெளிகளில் காட்டு வல்லூறுகள் இருப்பது ஆராயப்பட்டது. நியூ மெக்சிகோவிலும் அவ்வப்போது ஒன்றிரண்டு தென்பட்டன. 2002இல் அங்கே ஒரு இணை குஞ்சு வளர்த்துப் பறக்கவிட்டது, ஐம்பது ஆண்டுக்குப் பின் முதன்முறையாக.

2006இல் அரசின் வனவிலங்குத் துறை நியூ மெக்சிகோவிலும் வளர்ப்புப் பறவைகளை விட முடிவு செய்தது. அவை ‘சோதனைக் கூட்டம்’ என்று வகைப்படுத்தப்பட்டன. அந்த வகைக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு. காட்டுக் கூட்டம் வாழும் இடத்தோடு கலக்காமல், புறம்பான இடத்தில்தான் சோதனைக் கூட்டத்தை வைக்கலாம் என்பது சட்டம். ஏற்கெனவே கண்ட பறவைகள் ஒரு கூட்டமா, வழிப்போக்கர்களா? பாதுகாப்பு அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து போகும் பறவைகள் ஒரு கூட்டம் ஆகிவிடாது என்ற துறையின் நிலையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் ஏற்றது. பறவைப் பட்டியலில் ஓர் இடத்துக்காக மட்டுமே வாதிடப்படும் காட்சிக் குறிப்புகள், இங்கே பரந்த மேய்ச்சல் நிலத்தில் எந்தச் சட்டம் செல்லும் என்பதையே தீர்மானிக்கும் சாட்சிகளாக நின்றன. விடுவித்த பறவைகளின் காலில் வளையம் இடப்பட்டதால், வளையமில்லாத ஒரு பறவையைக் கண்டவரின் குறிப்பு தனி மதிப்புப் பெற்றது.

பெரெகிரின் வல்லூற்றுக்கு இந்த வழியும் இல்லாமல் போனது. டி.டி.டி. பூச்சிக்கொல்லியால் அமெரிக்காவின் கிழக்கில் 1960களின் நடுவில் அது முற்றிலும் அழிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் 1970இல் தொடங்கிய அமைப்பு, பல நாடுகளிலிருந்து பெற்ற வெவ்வேறு உள்ளினங்களைக் கலந்து வளர்த்து 1974 முதல் விடுவித்தது. பறவை மீண்டது; அதைவிடப் பெரிய வெற்றி பறவைப் பாதுகாப்பில் குறைவு. ஆனால் கிழக்கே இன்று கூடு வைக்கும் பெரெகிரினைப் பார்த்து அது எந்த உள்ளினம் என்று கேட்பதில் பொருளில்லை.

இந்த எல்லாச் சிக்கல்களுக்கும் நடுவே ஒரு வல்லூறு இரண்டு கேள்விக்கும் ஓரளவு எளிதாக விடை தருகிறது. மத்தியதரைக் கடல் பாறைகளில் கூடு வைத்து, குளிர்காலத்தை மடகாஸ்கரில் கழிக்கும் எலியனோரா வல்லூறு அது. இலையுதிர் காலத்தில் கடல் கடக்கும் சிறு பறவைகளை வேட்டையாடித் தன் குஞ்சுகளை வளர்க்கும். பதினான்காம் நூற்றாண்டில் சார்தீனியாவில் ஆண்ட எலியனோராவின் சட்டத் தொகுப்பு வேட்டை வல்லூறுகளின் கூடுகளுக்குக் காவல் விதித்தது. அதை நினைத்துத்தான் 1839இல் ஜெனே இந்தப் பறவைக்கு அவர் பெயரைச் சூட்டினார். வல்லூறு வேட்டைக்காரர்கள் இதைப் பெரிதாக வளர்ப்பதில்லை. ஆகவே தப்பி வந்ததா என்ற சந்தேகம் இங்கே மெலிகிறது. ஆனால் முதல் கேள்வி கடுமையாகவே நிற்கிறது. வெளிர் வடிவம் ஒன்று, கருவடிவம் ஒன்று என இரண்டு உடைகள் இதற்கு. வெளிர் வடிவத்தை ஹாபி என்ற சிறு வல்லூறோடோ இளம் பெரெகிரினோடோ, கருவடிவத்தைச் செங்கால் வல்லூற்றின் ஆணோடோ மாற்றிக் கொள்ளலாம்.

பிரிட்டனில் இதன் முதல் பதிவு 1977 ஆகஸ்டில், லிவர்பூலுக்கு வடக்கே ஃபார்ம்பி கடற்கரையில். அதன்பின் வந்தவை பெரும்பாலும் கடலோரத்தில் சில நிமிடம் தெரிந்து மறைந்த பறவைகள். அவற்றில் ஏற்கப்பட்டவையும் உண்டு, நிறுவப்படாமல் போனவையும் உண்டு. பார்த்தவர்கள் ஒரு மனதாக நம்பினார்கள். காகிதத்தில் அந்த நம்பிக்கையை முழுதாக எழுதிவிட முடியவில்லை. 2023 மே மாதக் கடைசியில் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் சதுப்பு நிலங்களில் ஒரு எலியனோரா வல்லூறு வந்து இறங்கியது. இந்த முறை அது உடனே போய்விடவில்லை. சதுப்பு நிலத்தின் மேல் ஹாபிகளோடும் செங்கால் வல்லூறோடும் சேர்ந்து தும்பிகளைப் பிடித்துத் தின்றுகொண்டு வாரக்கணக்கில் தங்கியது. அளவை ஒப்பிட அருகிலேயே இரண்டு இனங்கள், நீண்ட சிறகும் நீண்ட வாலும் விரிந்த கணங்களை நிறுத்திய ஆயிரக்கணக்கான படங்கள், தினமும் பார்க்க வந்த கூட்டம். யார் சொன்னதை நம்புவது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.